குவாய் நதிப் பாலம்: போர்ப் படமும் இளையோர் நினைவும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டன் நோக்கிச் செல்லும் வீதியில், மலைநாட்டின் வாயிலிலே, கித்துல்கல என்னும் சிற்றூர் உள்ளது. வீதியை ஒட்டிக் களனி கங்கை பாறைகளுக்கிடையே இரைந்து ஓடுகிறது. ஆற்றங்கரைக்கு இறங்கிச் செல்வோருக்கு ஊரவர் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டுவர். அங்கே பழைய கொங்கிறீற்று அடித்தளங்கள் சில கிடக்கின்றன. ஒரு காலத்தில் அவ்விடத்தில் பெரிய மரப்பாலம் ஒன்று நின்றது. மக்கள் ஆற்றைக் கடப்பதற்காக அது கட்டப்படவில்லை, தகர்ப்பதற்கென்றே கட்டப்பட்டது. 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், படப்பிடிப்புக் கருவிகள் பார்த்திருக்க, அப்பாலமும் அதன்மேல் வந்த புகையிரதமும் வெடிவைத்து வீழ்த்தப்பட்டன.

கித்துல்கலையில் யுத்தம் எதுவும் நடைபெற்றதில்லை. எனினும் பல தேசங்களிலிருந்தும் வருவோர் அந்த ஆற்றங்கரையிலே நின்று ஒரு யுத்தத்தை எண்ணிப் பார்க்கின்றனர். அவர்கள் எண்ணும் யுத்தம் நடந்த இடமோ கடல் கடந்து, சயாம் தேசத்துக் காட்டிலே உள்ளது. இவ்விரண்டு இடங்களையும் ஒரே இடமாக மனத்தில் இணைத்தது ஒரு சினிமாப் படம். போர்ப் படங்களுக்கு உள்ள ஆற்றலை இதனினும் நன்றாக விளக்கும் உதாரணம் கிடைப்பது அரிது. அவற்றை எவ்வாறு பார்க்கவேண்டும் என்பதற்கும் இதுவே தக்க பாடமாகும்.

இரண்டாம் உலக மகாயுத்தம் 1945ஆம் ஆண்டில் முடிவுற்றது. அன்று இருபது வயதினராய் இருந்தவர் எவரேனும் இன்று உயிருடன் இருப்பின் அவர் நூறு வயதை எட்டியிருப்பார். திண்ணையிலிருந்து யுத்தகாலக் கதை சொன்ன பாட்டனும் பாட்டியும் மறைந்துவிட்டனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசியதையும், நான்கு நாட்களின் பின் திருகோணமலை தாக்குண்டதையும், மட்டக்களப்புக் கடலிலே ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் மூழ்கியதையும் கண்ணாற் கண்டு கூற வல்லவர் இன்று வெகு சிலரே. பாடநூல் இவற்றுக்குச் சில வரிகளை ஒதுக்குகிறது. அவ்வரிகளைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணாக்கன் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறான். ஆனால் ஒரு நல்ல போர்ப் படத்தை ஒருமுறை பார்த்தவன் அதனை எளிதில் மறப்பதில்லை. ஆண்டுகளையும் எண்களையும் ஏற்க மறுக்கும் மனம் ஒரு மனிதனுடைய முகத்தை ஏற்றுக்கொள்கிறது. ஆதலின் இளந் தலைமுறையினர்க்குச் சரித்திரத்தை நினைவூட்டும் பணியில் பெரும்பகுதி இன்று படங்களின் கைக்குச் சென்றுவிட்டது எனலாம். அப்பணியை அவை எவ்வளவு தூரம் நிறைவேற்றுகின்றன, எங்கே தவறவிடுகின்றன என்பதை ஆராய்வதற்குக் கித்துல்கலையிலே எடுக்கப்பட்ட படமே ஏற்றது.

முதலில் நடந்த சரித்திரத்தைச் சுருக்கமாகக் காண்போம். 1942ஆம் ஆண்டின் முற்பகுதியில் யப்பானியப் படைகள் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிப் பர்மாவுள்ளும் புகுந்தன. பர்மாவிலிருந்த தமது படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப அவர்கள் மலாக்கா நீரிணை வழியாகக் கப்பல்களையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. நேசநாட்டு நீர்மூழ்கிகள் அக்கடல் வழியை ஆபத்தாக்கின. ஆதலால் சயாமிலுள்ள பான் பொங் என்னும் இடத்துக்கு அருகிலிருந்து பர்மாவிலுள்ள தான்பியூசயாத் வரை, ஏறத்தாழ 415 கிலோமீற்றர் தூரம், மலையையும் காட்டையும் ஊடறுத்துப் புகையிரதப் பாதை அமைக்க அவர்கள் முடிவு செய்தனர். இவ்வழியே பாதை அமைக்கலாமா என்பதை முன்னரே பார்த்த ஆங்கிலேயர், வேலை மிகக் கடினமானது எனக் கைவிட்டிருந்தனர். யப்பானியர் 1942ஆம் ஆண்டில் அவ்வேலையைத் தொடங்கி, 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் முடித்துவிட்டனர். அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டப்பட்டன. பாறைகள் கைச்சுத்தியலாலும் உளியாலும் வெடிமருந்தாலும் பிளக்கப்பட்டன.

இவ்வளவு விரைவில் முடிந்த வேலைக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை மனித உயிர்கள். பிரித்தானியர், ஒல்லாந்தர், அவுஸ்திரேலியர், அமெரிக்கர் ஆகிய யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். பசி, மலேரியா, வயிற்றோட்டம், வெப்பவலயப் புண் ஆகியவற்றோடு 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதியும் சேர்ந்துகொண்டது. அக்காலத்திலேதான் வேலையை விரைந்து முடிக்கும்படி யப்பானிய மேலிடம் நெருக்கியது. அதனாலேயே அப்பாதைக்கு மரணப் புகையிரதப் பாதை என்ற பெயர் நிலைத்தது.

இச்சம்பவத்தை உலகறியச் செய்தது ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்னும் ஆங்கிலப் படம். பியேர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவி, டேவிட் லீன் இதனை நெறிப்படுத்தினார். சயாம் காட்டுக்குப் பதிலாக இலங்கையின் காடும் ஆறும் படமாக்கப்பட்டன. கைதிகளின் தலைவரான கேணல் நிக்கல்சனாக அலெக் கின்னஸ் நடித்தார். முகாமின் யப்பானியத் தளபதியான கேணல் சைட்டோவாகச் செசு ஹயகாவா நடித்தார். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த இப்படம், மறு ஆண்டில் சிறந்த படத்துக்கான பரிசு உட்பட ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

கதை எளிதானது. அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று சைட்டோ கட்டளையிடுகிறான். யுத்த நெறிக்கு அது மாறானது என்று நிக்கல்சன் மறுக்கிறார். வெயிலிலே கொதிக்கும் தகரக் கூண்டில் அடைபட்டும் அவர் மனம் தளரவில்லை. இறுதியில் வெற்றி அவருக்கே. ஆனால் வெற்றி பெற்ற அவரே, தம் வீரரின் கட்டுப்பாட்டைக் காக்கும் பொருட்டு, பகைவனுக்கு ஒரு சிறந்த பாலத்தைக் கட்டிக் கொடுக்க முற்படுகிறார். கட்டிய பாலத்தின்மீது கொண்ட பற்று, அதைத் தகர்க்க வந்த தம் நாட்டவரையே தடுக்கும்படி அவரைத் தூண்டுகிறது. கடமை எது, கர்வம் எது என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு யுத்தம் ஒரு நல்ல மனிதனைக் கொண்டு செல்வதை இப்படம் மறக்க முடியாதபடி காட்டுகிறது.

இதனால் விளைந்த நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. முதலாவதாக, உலகின் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஒரு பாதைக்கு இப்படம் பெயர் கொடுத்தது. யுத்தத்தின் பெருஞ் சம்பவங்களைக் கூறும் நூல்களில் சயாம்–பர்மாப் பாதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுங்கியிருக்கக் கூடும். படம் வந்தபின் அது அவ்வாறு ஒதுங்கவில்லை. இரண்டாவதாக, யுத்தம் என்பது படைகள் மோதும் போர்க்களம் மாத்திரமன்று, தோற்றுப்போனவர் பட்டினியோடு உழைத்த முகாமும் அதில் அடங்கும் என்பதை இளையோர் உணர்ந்தனர். மூன்றாவதாக, படம் பார்த்தவர்கள் அந்த இடத்தைத் தேடிச் செல்லத் தொடங்கினர்.

இம்மூன்றாவது பயனோடு ஒரு வேடிக்கையும் இணைந்துள்ளது. பூல் தம் நாவலுக்குப் பெயரிட்டபோது, பாதை குவாய் என்னும் ஆற்றை ஒட்டிச் செல்வதால் புகழ்பெற்ற பாலமும் அவ்வாற்றின் மேலேயே இருக்கும் என்று எண்ணிவிட்டார். உண்மையில் காஞ்சனபுரி நகருக்கு அருகிலுள்ள அப்பாலம் மே குளோங் என்னும் ஆற்றையே கடந்தது. படம் பார்த்துவிட்டு வந்தவர்களோ குவாய் நதிப் பாலம் எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்கு விடை சொல்லிச் சலித்த தாய்லாந்து அரசாங்கத்தார் 1960களில் அந்த ஆற்றின் மேற்பகுதிக்குப் பெரிய குவாய் என்று பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டனர். கதையிலே வந்த ஆறு தேசப்படத்திலும் ஏறிவிட்டது. ஆற்றின் பெயரையே மாற்ற வல்ல ஒரு படம், ஒரு சிறுவனின் உள்ளத்திலுள்ள சரித்திரத்தை மாற்றாதிருக்குமா?

மாற்றவே செய்தது. படத்தில் பாலம் ஒன்றுதான், மரத்தாலானது, கட்டி முடிந்தவுடனேயே தகர்கிறது. நாவலிலோ பாலம் தகரவில்லை. சரித்திரமோ இவ்விரண்டினின்றும் வேறானது. காஞ்சனபுரிக்கு அருகே மரப்பாலம் ஒன்றும் இரும்புப் பாலம் ஒன்றுமாக இரண்டு பாலங்கள் 1943ஆம் ஆண்டில் எழுந்தன. இரண்டு ஆண்டுகள் வரை அவை யப்பானியருக்குப் பயன்பட்டன. 1945ஆம் ஆண்டில் நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசி அவற்றைச் சேதப்படுத்தின. இரும்புப் பாலம் யுத்தத்தின் பின் திருத்தப்பட்டு இன்றும் புகையிரதத்தைத் தாங்கி நிற்கிறது.

படத்தில் யப்பானியப் பொறியியலாளர் பாலம் கட்டத் தெரியாதவர்களாகத் தோன்றுகின்றனர். ஆங்கிலேயர் வந்துதான் அவர்களுக்குக் கற்பிக்கின்றனர். உண்மையில் யப்பானியர் இத்துறையில் நன்கு பயின்றவர்கள். அவர்களிடத்தே குறைவாயிருந்தது அறிவு அன்று, இரக்கமே. அவ்வாறே, பாலம் கட்டிய முகாமிலே கைதிகளின் தலைவராயிருந்த லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி என்பவர் நிக்கல்சனைப் போன்றவரல்லர். வேலையைத் தாமதப்படுத்தவும் கெடுக்கவும் கைதிகள் செய்த முயற்சிகளுக்கு அவர் துணை நின்றார். தம் வீரரின் உயிரைக் காப்பதிலே கருத்தாயிருந்தார். நிக்கல்சனின் பாத்திரம் முன்னாட் கைதிகள் பலரை மனம் வருந்தச் செய்தது. பகைவனுக்கு மனமுவந்து பாலம் கட்டியவர்கள் தாங்கள்தாம் என்று தம் பேரப்பிள்ளைகள் நினைத்துவிடுவார்களே என்பது அவர்களுடைய கவலை.

இக்குறை குவாய் படத்துக்கு மாத்திரம் உரியதன்று. முதலாம் உலக மகாயுத்தத்தின்போது, 1916ஆம் ஆண்டில், சொம் நதிக்கரைப் போரைப் பற்றிய படம் ஒன்று, அப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இங்கிலாந்திலே காட்டப்பட்டது. போர்க்களத்திலே எடுத்த காட்சிகள் அதில் பல உண்டு. ஆயினும் வீரர்கள் பதுங்கு குழியினின்றும் மேலேறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி, வேறிடத்தே நடித்து எடுக்கப்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். களத்திலே எடுத்த படத்துக்கே இந்நிலை என்றால் கற்பனைக் கதையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? கலைஞன் ஒரு கதையைச் சொல்லப் புகும்போது சம்பவங்களைக் குறைப்பதும் கூட்டுவதும் இயல்பு. அதனைக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. கதையையும் சரித்திரத்தையும் பிரித்துப் பார்க்க இளையோருக்கு எவரும் கற்பியாமையே குற்றம்.

மாற்றிச் சொல்லியதைத் திருத்துவது எளிது. சொல்லாமல் விட்டதை அறிவதுதான் அரிது. குவாய் நதிப் படத்தில் சயாமியப் பெண்கள் சிலர் சுமை தூக்கி வருகின்றனர். ஆனால் அப்பாதையை வெட்டுவதிலே கைதிகளைக் காட்டிலும் மிகப் பெருந்தொகையினராய் உழைத்த ஆசியத் தொழிலாளர் அதில் இல்லை. அவர்களுடைய தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பிடுவர். பர்மியர், சாவகர், மலாயர், சீனர் ஆகியோருடன் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல பதினாயிரவர் அவர்களுள் இருந்தனர். இறந்த ஆசியத் தொழிலாளரின் தொகை 90,000 வரை இருக்கும் என்பது பலரும் எடுத்துக் கூறும் மதிப்பீடு. சரியான தொகை எவருக்கும் தெரியாது, எவரும் எண்ணவில்லை.

இத்தமிழர்கள் எவ்வாறு அங்கே சென்றனர்? யுத்தத்தினால் றப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. நல்ல கூலி, குறுகிய ஒப்பந்தம், குடும்பத்துக்கு வீடு என்று யப்பானியர் விளம்பரம் செய்தனர். சிலர் நம்பிச் சென்றனர். சென்றவர் திரும்பாமையைக் கண்டு மற்றவர் மறுக்கவே, பலாத்காரம் தொடங்கியது. வீதியிலும் தோட்டத்திலும் ஆட்கள் பிடித்து லொறிகளில் ஏற்றப்பட்டனர். இலவசமாகச் சினிமாப் படம் காட்டுவதாக அறிவித்து, மக்கள் கொட்டகைக்குள் நிறைந்ததும் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்த ஆடவரைப் பாதை வேலைக்குக் கொண்டு சென்றனர் என்று அக்காலத்தை அறிந்தோர் கூறிச் சென்றுள்ளனர். படம் பார்க்கப் போனவர்கள் மரணப் பாதைக்குப் போனார்கள். அவர்களைப் பற்றிய படத்திலோ அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்ற வினாவுக்கு விடை காண்பது, போர்ப் படங்களைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. யுத்தக் கைதிகள் ஒரு படையாக இருந்தனர். அவர்களுக்கு அதிகாரிகளும் வைத்தியர்களும் பெயர்ப் பட்டியலும் இருந்தன. எவன் எந்நாள் இறந்தான், எங்கே புதைக்கப்பட்டான் என்று அவர்கள் இரகசியமாகக் குறித்து வைத்தனர். ஜக் சோக்கர், ரொனால்ட் சேர்ள் போன்றோர் உயிருக்கு அஞ்சாது சித்திரம் வரைந்து ஒளித்தனர். அவுஸ்திரேலிய வைத்தியர் எட்வேட் டன்லொப் நாட்குறிப்பு எழுதினார். யுத்தம் முடிந்தபின் இக்குறிப்புகள் நூல்களாயின; நூல்கள் படங்களாயின. காஞ்சனபுரியில் உள்ள யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இன்றும் பேணப்படுகின்றன. பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு, வயதும் உண்டு.

தோட்டத் தொழிலாளருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர்களோடு அதிகாரியும் செல்லவில்லை, மருந்தும் செல்லவில்லை. வாந்திபேதி பரவிய முகாம்களிலே இறந்தவர் ஒரே குழியிற் பலராகப் புதைக்கப்பட்டனர். எழுத்தறியாதவர் பலர்; நாட்குறிப்பு எழுதக் கடதாசியும் இல்லை. உயிர் தப்பித் தோட்டத்துக்குத் திரும்பியவரின் கையிலிருந்த கூலி, வாழைமரம் பொறித்த யப்பானிய நோட்டு. யுத்தம் முடிந்ததும் அது வெறுங் கடதாசியாயிற்று. அவர்கள் கண்டதை லயத்துக் கோடியில் இருந்து தம் மக்களுக்குச் சொன்னார்கள். அதனைக் கேட்டெழுத ஒரு பத்திரிகையாளனும் அந்நாளிற் செல்லவில்லை. எழுதப்படாதது நூலாகவில்லை, நூலாகாதது படமாகவில்லை. படம் இவர்களைத் திட்டமிட்டு மறைத்தது என்று கூறுவது நியாயமாகாது. உலகம் முன்னமே மறந்திருந்ததையே படமும் மறந்தது.

இலங்கையர்க்கு இது அயலாருடைய கதையன்று. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் ஒரே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து, ஒரே பஞ்சத்துக்குத் தப்பி, கங்காணிமாரின் பின்னே புறப்பட்டவர்கள். ஒரு கப்பல் இலங்கைக்குச் செல்லாது மலாயாவுக்குச் சென்றதனால் ஒருவன் தலைவிதி மாறியது. யாழ்ப்பாணத்தவரும் பலர் அக்காலத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்த்து, யப்பானியர் ஆட்சியின்கீழ் மூன்றரை ஆண்டுகள் அல்லலுற்றனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, அச்சரித்திரத்தைச் சொன்ன படம் எடுக்கப்பட்டது மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் செல்லும் வீதியின் ஓரத்திலே. கித்துல்கலையைக் கடந்து ஹட்டனுக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர், தம் முன்னோரைப் போன்றவர்களும் அக்கதையில் இருந்திருக்க வேண்டியவர்களே என்பதை அறியார்.

ஆயினும் விடுபட்ட பெயரை மீண்டும் எழுத முடியும் என்பதற்கு இப்படத்தின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. இதன் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிசு பியேர் பூலுக்கு வழங்கப்பட்டது. அவரோ அத்திரைக்கதையை எழுதவில்லை. அதனை எழுதிய கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் ஆகிய இருவரும் கொம்யூனிஸ்ட் தொடர்புடையோர் என்ற சந்தேகத்தினால் ஹொலிவூட்டில் விலக்கப்பட்டிருந்தமையால், அவர்களுடைய பெயர் படத்திற் காட்டப்படவில்லை. 1980களில், இருவரும் இறந்த பின்னரே, அப்பரிசு அவர்களுக்குரியது என ஏற்றுக்கொள்ளப்பட்டது. யுத்தத்தை நினைவூட்டிய படமே தன்னை எழுதியவரை மறக்க நேர்ந்தது. மறந்ததை நினைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. நினைத்தவுடன் திருத்த முடிந்தது.

சயாம் பாதையின் நினைவும் இவ்வாறே சிறிது சிறிதாகத் திருந்தி வருகிறது. பாறையை வெட்டிப் பாதை அமைத்த ‘ஹெல்பயர் பாஸ்’ என்னும் கணவாயில் அவுஸ்திரேலிய அரசாங்கம் 1998ஆம் ஆண்டில் நினைவுக் காட்சிசாலை ஒன்றைத் திறந்தது. எரிக் லோமக்ஸ் என்னும் முன்னாட் கைதி, தம்மைச் சித்திரவதை செய்த இடத்திலே மொழிபெயர்ப்பாளராய் நின்ற யப்பானியரை 1990களில் நேரிற் கண்டு பகை தீர்ந்ததை ஒரு நூலாக எழுதினார். அது 2013ஆம் ஆண்டில் ‘த ரெயில்வே மான்’ என்ற படமாயிற்று. முதற் படத்திற் காணாத ஒரு செய்தியை, பகைவனும் வருந்தக் கூடும் என்பதை, அது கூறியது. தமிழில் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதினார். உயிர் தப்பிய முதியவர்களைத் தேடிச் சென்று அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்த ஆவணப் படமும் பின்னர் தமிழில் உருவாயிற்று. கல்லறை இல்லாதவர்கள் இறுதியில் தம் குரலாலேனும் திரையில் ஏறினார்கள்.

2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியிலே அத்தமிழருக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுத்து, நீராட்டி, பெயரும் பீடும் பொறித்து நட்டு வாழ்த்துவது தொல்காப்பியம் கூறும் பழந்தமிழ் வழக்கம். போர்க்களத்தில் வாளேந்தி நின்றவனுக்கு உரிய அச்சிறப்பு, மண்வெட்டியும் கூடையும் ஏந்தி இறந்தவர்களுக்கு எண்பது ஆண்டுகளின் பின் கிடைத்தது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் அக்கல்லில் வெட்ட இயலாது. பெயர்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இவற்றிலிருந்து பெற்றோரும் ஆசிரியரும் கொள்ளத்தக்க பாடம் யாது? போர்ப் படம் பொய் கலந்தது என்று பிள்ளைகளைத் தடுப்பதால் பயனில்லை. தடுத்தாலும் அவர்கள் பார்ப்பார்கள். படமே சரித்திரம் என்று விட்டுவிடுவதும் தவறு. படத்தைப் பார்க்கவிட்டு, பார்த்தபின் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவதே நன்று.

முதல் வினா, இது நடந்ததா, அன்றிக் கற்பனையா என்பது. குவாய் படத்தைப் பார்த்த மாணாக்கன் தேசப்படத்தை எடுத்து அந்த ஆற்றைத் தேடினாலே பாதிச் சரித்திரம் கைக்கு வந்துவிடும். இரண்டாவது வினா, இதைச் சொல்பவர் யார் என்பது. பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் கற்பனையை ஆங்கில நெறியாளர் ஒருவர், அமெரிக்கப் பணத்தில், இலங்கையில் படமாக்கினார் என்று அறிந்தவுடன், யப்பானியர் ஏன் அவ்வாறு காட்டப்பட்டனர், ஆங்கிலேயர் ஏன் நடுவில் நிற்கின்றனர் என்பவை விளங்கும். மூன்றாவது வினாவே முக்கியமானது: அங்கே இருந்தும் இங்கே காணப்படாதவர் யார்? சோறு சமைத்தவர், சுமை தூக்கியவர், மண் வெட்டியவர், வீட்டிலே காத்திருந்த பெண்கள், அநாதைகளான பிள்ளைகள் ஆகியோர் எந்த யுத்தத்திலும் உண்டு. பெரும்பாலான யுத்தப் படங்களில் அவர்கள் இல்லை. எந்த நாட்டுப் போரைப் பற்றிய படமாயினும், எந்தத் தரப்பார் எடுத்ததாயினும், இவ்வினா பொருந்தும்.

இவ்வினாவுக்கு விடை படத்தினுள்ளே கிடையாது. நூலகத்திலும், பழைய பத்திரிகைகளிலும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டிலுள்ள முதியோரிடத்துமே கிடைக்கும். யுத்தத்தைக் கண்டவர் மறைந்தாலும், கண்டவரிடம் கேட்டவர் இன்னும் இருக்கின்றனர். அவர்களும் மறைவதன் முன் அவர்களுடைய சொல்லைப் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் எழுதி வைப்பது ஒரு பாடசாலை மாணாக்கனாலும் செய்யத்தக்க காரியம். ஒரு கொப்பியும் பென்சிலும் அதற்குப் போதும். மலாயாத் தோட்டமொன்றில் 1945ஆம் ஆண்டில் எவராவது ஒருவர் அவ்வாறு ஒரு கொப்பியை எடுத்திருந்தால் காஞ்சனபுரி நடுகல்லிலே சில பெயர்களேனும் இருந்திருக்கும்.

கித்துல்கலையில் அப்பாலம் இன்று இல்லை. அடித்தளம் மாத்திரமே எஞ்சியுள்ளது. நினைவின் நிலையும் அவ்வாறானதே. படம் வெடித்து ஒளிர்ந்து ஒரு கணம் கண்ணைப் பறிக்கிறது. ஒளி அடங்கியபின் ஆற்றங்கரைக்கு இறங்கி, கீழே எஞ்சியிருப்பது யாது என்று குனிந்து பார்க்கும் பிள்ளையே சரித்திரத்தைக் கற்கத் தொடங்கிய பிள்ளை.